பர்ஜிலா கடையின் புதுத் தரை

மனைவி வெனிங் சைக்கிள் ஓட்டும்போது ஹர்யோகோவுக்குப் பயமே கிடையாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கரும்பு லாரி உரசிக்கொண்டு போனாலும் சரி, மோட்டார் சைக்கிள்காரன் எவனாவது தப்பான பக்கத்தில் எதிரே வந்தாலும் சரி, அவன் நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அவள் எப்போது பிரேக்கைப் பிடிப்பாள், எந்தப் பக்கம் ஒதுங்குவாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவள் வண்டியை விட்டு இறங்கினால்தான் அவனுக்குப் பயம் பிடிக்கும்.

இறங்கினால் நடக்க வேண்டுமே. அவள் போடும் சைக்கிள் சூ நடப்பதற்காகச் செய்ததே அல்ல. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பு. முன்பாதத்துக்குக் கீழே, பெடலைக் கவ்விக்கொள்வதற்கென்று ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் கட்டை. கிளீட் என்பார்கள். தரையில் நின்றால் குதிகால் தாழ்ந்து விரல்கள் வானத்தைப் பார்க்கும். தார் ரோட்டில் டக்டக்கென்று வாத்து நடை நடந்து எப்படியோ சமாளித்துவிடலாம். ஈரமான டைல்ஸ் தரையில் அந்தக் கட்டை யாரையும் மதிக்காது. கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே மலைப்பாதையில் ஒரு டீக்கடையில் வெனிங்கை அது கவிழ்த்தது. போட்டோவுக்கு எல்லாரும் நின்றாயிற்று, அவள் மட்டும் இல்லை. "சீக்கிரம் வா, உனக்காகத்தான் நிக்கிறோம்!" என்று கத்தியது ஹர்யோகோதான். வாளித் தண்ணீர் தெளித்த வாசல் டைல்ஸில் அவள் ஓடி வந்தாள், கால் இரண்டும் முன்னால் போக உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். அந்த வாரத்திலேயே பிள்ளை கலைந்துவிட்டது.

விழுந்ததால் மட்டும் இப்படி ஆகாது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவனிடம் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவனுடைய அம்மா ஆறுதலுக்கெல்லாம் ஆளில்லை. "அந்தச் சூ தின்னுடுச்சு எம் பேரனை" என்று சமையலறையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை, வெனிங் உட்பட. அன்றிலிருந்து எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஹர்யோகோ முதலில் பார்ப்பது தரையைத்தான். சிமெண்டா, செங்கல்லா, டைல்ஸா, ஈரமா என்று பார்த்துவிட்டுத்தான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பான்.

இப்போது அவளுக்கு மறுபடியும் மூன்றாம் மாதம். அவனையும் அவளையும் டாக்டரம்மாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் சைக்கிள்களுக்குக் காற்று அடித்துக்கொண்டே அவன் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"சாதாரண பெடல் ஒரு ஜோடி வீட்டுல சும்மாதான் கெடக்கு. மாத்தித் தந்துடவா? ரப்பர் சூ போட்டுக்கிட்டு வரலாம் நீ."

"மாத்துங்க, மஸ்" என்றாள் வெனிங், தலைமுடியைக் கட்டிக்கொண்டே. கணவனை அவள் மஸ் என்றுதான் கூப்பிடுவாள். "மாத்திட்டு, நம்ம சைக்கிள் கூட்டத்து பாக் துகிமானுக்குப் போன் போட்டு 'எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா'ன்னு நேராவே சொல்லிடுங்க. எப்படியும் அவர் கண்ணு முதல்ல பெடல்லதான் விழும்."

"அப்போ வீட்டுல இரேன். தலைவலின்னு சொல்லிக்கலாம்."

"எத்தனை ஞாயித்துக்கிழமை தலைவலிக்கும்?"

அவன் பம்ப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவள் சொல்வது அவனுக்குப் புரியாமல் இல்லை. போன தடவை முதல் மாதமே சைக்கிள் கூட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிப்பு வந்தது, குட்டித் தொப்பி வந்தது, பெயர்கூட வந்தது. அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய் இல்லை, இல்லை என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஊர் வழக்கப்படி நாலாம் மாதத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடும் வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். மேடில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டலாம், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதாக அவள்தான் வந்து சொன்னாள். விழாமல் மட்டும் என்ற இரண்டு வார்த்தை அவன் காதில் பூச்சி மாதிரி புகுந்துகொண்டு இன்னும் வெளியே வரவில்லை.

"கிளீட்டுக்கு மாட்டற ரப்பர் மூடியாவது எடுத்துக்கோ."

"குடுங்க. சூவுக்கே ஒரு சூவான்னு கூட்டத்துல தூத்தி கேப்பா, நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவன் அந்த இரண்டு ரப்பர் மூடிகளையும் தன் சட்டையின் முதுகுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அவள் அறியாமல் அவன் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சாப்பிடுவது தெற்கே ஆற்றங்கரையில் இபு பர்ஜிலாவின் சோத்தோ கடையில், கோழிச் சூப்பும் சோறும். இருபது வருஷமாகச் சிமெண்டுத் தரையாக, சொரசொரவென்று, ஹர்யோகோவின் மனசுக்கு உகந்ததாக இருந்த கடை. போன மாதம் இபு பர்ஜிலாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, அம்மாவின் கடை மாளிகை மாதிரி இருக்க வேண்டும் என்று வெள்ளை வெளேரென்று டைல்ஸ் பதித்துவிட்டுப் போய்விட்டான். முகம் பார்க்கலாம் அதில். போன வாரம் சூப் சிந்திய இடத்தில் வெனிங்கின் கால் ஒரு விரற்கடை நகர்ந்ததை ஹர்யோகோ மட்டும் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவன் இபு பர்ஜிலாவுக்குப் போன் செய்தான். தரையைத் துடைக்காதீர்கள், காய்ந்தபடி விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற ஒரு பெண்ணிடம், அதுவும் புதுத் தரையைப் பற்றி, அப்படிப் போட்டு உடைத்தாற்போல் பேச எந்த ஜாவாக்காரனுக்கு நாக்கு வரும்? நாலில் ஒரு பங்கைச் சொல்ல வேண்டும். மீதி மூன்றை எதிராளி புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் கல்யாணம் முதல் கட்சி வரை அப்படித்தான் நடக்கிறது.

"இபு, நாளைக்கு வர்றோம்."

"வாங்க தம்பி, வாங்க. கோழி நல்லதா பாத்து வெச்சிருக்கேன்."

"அது வந்து இபு... தரை..."

"தரையா?"

"ஒண்ணும் இல்ல. போன வாரம் வீட்டுல கொஞ்சம் சங்கடப்பட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா கொஞ்சம் பாத்துக்குங்க."

மறுமுனையில் பாத்திரத்தை டக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"ஓ" என்றாள் இபு பர்ஜிலா. "சரி தம்பி. நான் பாத்துக்கறேன். நல்லாவே பாத்துக்கறேன்."

எவ்வளவு நாசூக்காகக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

கூட்டம் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. ரோடெல்லாம் ஈரம். நெல் நாற்றுக்கு நடுவே நேராகப் போகிற தெற்கு ரோட்டில் வெனிங் சீராக மிதித்தாள், ஹர்யோகோ அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். காற்றில் அவள் முதுகு லேசாக அசைவதைப் பார்த்துக்கொண்டே வருவது அவனுக்குச் சுகமாக இருந்தது. பெடலில் பூட்டியிருக்கும் வரை அந்தச் சூ நல்ல பிள்ளை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"பெடல்லேர்ந்து காலை எடு, வெனிங். இப்பவே எடு. இடது காலு. குதிகாலை வெளியே திருப்பு. தண்டவாளத்துக்கிட்ட இரும்புத் தகடு இருக்கு, அது மேல வெக்காதே."

"ஓட்டக் கத்துக்கிட்டு பத்து வருஷமாச்சு, மஸ்."

பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் பாக் துகிமான் இதைக் கேட்டுவிட்டார். நில அளவை ஆபீசில் ரிட்டயரானவர். வாய் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை.

"என்னப்பா ஹர்யோகோ, பொண்டாட்டிக்குச் சைக்கிள் ஸ்கூல் நடத்தறியா? ஃபீஸ் எவ்வளவு?"

"ரோடு ஈரமா இருக்கு, பாக்."

"மழை பெஞ்சா ரோடு ஈரமாத்தான் இருக்கும். நீ ஏன் ஆட்டுக்குட்டி மாதிரி அவ பின்னாடியே வர்றே? முன்னாடி வா, காத்தை வெட்டு. இல்ல, வீட்டுல ஏதாவது தப்புப் பண்ணிட்டியா?"

"பண்ணியிருப்பாரு, பாக்" என்றாள் தூத்தி. அவள் மருந்துக் கடைக்காரி, வெனிங்கின் சிநேகிதி. "மூஞ்சியப் பாருங்க, ராத்திரியே மன்னிப்புக் கேட்டும் கிடைக்காத மூஞ்சி."

எல்லாரும் சிரித்தார்கள். வெனிங்தான் அதிகம் சிரித்தாள். ரயில் கடகடவென்று போயிற்று. ஹர்யோகோ சிரித்து வைத்தான், கண் மட்டும் அவள் இடது காலை விட்டு நகரவில்லை.

இபு பர்ஜிலாவின் கடைக்கு வந்தபோது முதலில் அவன் மூக்குக்குத்தான் தெரிந்தது. எலுமிச்சை வாசனை. சோத்தோவில் பிழிகிற எலுமிச்சை அல்ல, தரை கழுவுகிற சோப்பின் எலுமிச்சை. அப்புறம் எட்டிப் பார்த்தான். தரை முழுக்கச் சோப்பு நுரை. நடுவில் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இபு பர்ஜிலா துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் வியர்வையும் வைராக்கியமுமாக இருந்தது.

"வாங்க, வாங்க" என்றாள் எல்லாரிடமும். பிறகு ஹர்யோகோவை மட்டும் தனியாக ஒரு பார்வை பார்த்தாள். "நேத்து ராத்திரி ஒரு தடவை தேய்ச்சேன், தம்பி. காலையில ஒரு தடவை. இது மூணாவது. இப்பச் சொல்லுங்க, எங்க அழுக்கு இருக்குன்னு."

ஹர்யோகோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் சொன்ன ஒரு பங்கோடு அவள் வேறு மூன்று பங்கைச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். கடை அழுக்கு, உன் தரையில் கால் வைக்க என் பெண்டாட்டி கூசினாள் என்று எந்த வாயாடியும் சொல்லத் துணியாததை அவன் போன் போட்டுச் சொன்னதாக ஆகியிருந்தது. அவமானம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதைவிடப் பெரிதாக அந்தத் தரை அவன் கண் முன்னால் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

திரும்பிப் பார்த்தான். வெனிங் வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வெனிங், நீ அங்கேயே இரு. அந்த மரத்தடி பெஞ்சில உக்காரு. நாம இன்னிக்கு வெளியிலயே சாப்பிடலாம். காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டமா?" என்றார் பாக் துகிமான். "ஈர பெஞ்சுல உக்காந்து மூலம் வாங்கிக்கிட்டுப் போகவா? அந்தம்மா நமக்காகத் தரையைப் பாலிஷ் போட்டு வெச்சிருக்கு, நீ வெளியில சாப்பிடலாங்கறே!"

இபு பர்ஜிலாவின் துடைப்பம் நின்றுவிட்டது. "உள்ளே வர மாட்டீங்களா, தம்பி?" என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது. "இன்னும் என்ன குறை?"

"ஐயோ, குறையே இல்லை, இபு. குறையே இல்லை."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்வது? சத்தியம் வேறு செய்து கொடுத்திருக்கிறான். வெனிங் பெஞ்சிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லித் தொலைத்துவிடாதே என்கிற பார்வை. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, சிரித்துக்கொண்டே உள்ளே போய் நாற்காலியில் விழுந்தார்கள். ஐஸ் வண்டியில் மீன் வழுக்குகிற மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சோத்தோ கிண்ணம் மேஜைக்கு வரும், தூத்தி வெனிங்கைக் கூப்பிடுவாள், அவள் எழுந்து வருவாள். ரப்பர் மூடி! முதுகுப் பையில் கையை விட்டான். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று ரோட்டில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. ஒற்றைக் காலுக்கு மூடியை மாட்டி அவளை எப்படி நடக்கவைப்பது? சூவைக் கழற்றச் சொன்னால் சோப்பில் வெறுங்காலும் வழுக்கும்.

அப்போதுதான் சமையற்கட்டு ஓரமாக அடுக்கியிருந்த வெற்றுச் சாக்குகள் அவன் கண்ணில் பட்டன. சணல் சாக்கு. வாசலிலிருந்து மேஜை வரை நாலைந்தைப் போட்டுவிட்டால் கல்யாண வீட்டுக் கம்பளம் மாதிரி அவள் நடந்து வந்துவிடலாம்.

"வெனிங், வா! சாப்பாடு வந்துருச்சு!" என்று உள்ளேயிருந்து தூத்தி கூப்பிட்டாள். வெனிங் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

ஹர்யோகோ ஓடினான்.

பத்து வருஷமாகக் கிளீட் சூ போடுகிறவன், குறுகக் குறுக அடி வை, குதிகாலில் பாரத்தைப் போடு, படியில் பக்கவாட்டில் இறங்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், சோப்பு நுரை மேல் ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி ஓடினான். இரண்டாவது எட்டிலேயே வலது கால் அவனை விட்டுவிட்டுத் தனியே போயிற்று. மேஜைக் காலைப் பிடிக்கப் பார்த்தான், கிடைக்கவில்லை. கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டில் ஏதோ பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் முகமும் தரையில் பட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தத்தை எல்லாருமே கேட்டிருந்தார்கள்.

"மஸ்!"

கீழே கிடந்தபடியே கண்ணைத் திறந்தான். வாசலில் வெனிங் நின்றாள். இல்லை, நிற்கவில்லை. ஓடி வரத் தொடங்கியிருந்தாள். ஒரு கால் அந்த வெள்ளைத் தரையில் பட்டுவிட்டது. பட்ட இடத்திலிருந்து அது லேசாக முன்னால் நழுவுவதை அவன் தரைமட்டத்திலிருந்து, தன் கண்ணுக்கு நேராகவே பார்த்தான்.

"ஓடாதே!" என்று கத்தினான். அவன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே தெரியாது. "அப்படியே நில்லு! வயித்துல புள்ளைடீ! புள்ளை இருக்கு வயித்துல, ஓடாதே!"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இபு பர்ஜிலாவின் கையிலிருந்த துடைப்பம் மெதுவாகச் சுவரில் சரிந்தது.

"தம்பி" என்றாள் அவள், அழுகைக் குரலில். "போன்ல இதைச் சொல்லக் கூடாதா? நான் மண்ணை அள்ளிக் கொட்டி வெச்சிருப்பேனே!"

பாக் துகிமான் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டார். ஹர்யோகோ அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெனிங் உள்ளே வந்தாள். "வேண்டாம், வேண்டாம்" என்று அவன் முனகினான். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, குதிகாலை முதலில் வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த காலை எடுத்து, குட்டிக் குட்டி அடியாக வந்தாள். யாரும் சொல்லித் தராமலே இத்தனை ஒழுங்காக நடக்கிறாள். இரண்டு வருஷமாக அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தும் அவள் நடக்கத் தெரிந்தவள் என்பது அவன் கண்ணில் பட்டதே இல்லை. வந்து அவன் பக்கத்தில் நுரையிலேயே உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டீங்க" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"சத்தமா வேற."

ஆஸ்பத்திரிக்குப் போக இபு பர்ஜிலாவின் தம்பி மகன் தன் காய்கறி வேன் வண்டியைக் கொண்டுவரப் போனான். தூத்தி இரண்டு மரக்கரண்டிகளை வைத்துத் துப்பட்டாவால் அவன் மணிக்கட்டைக் கட்டிவிட்டாள். நாலு பேராக அவனைத் தூக்கி வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெனிங் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். வாழ்த்துவதா, கூடாதா என்று அவர்களுக்கும் குழப்பம். போன தடவையை யாரும் மறக்கவில்லை.

கை நெருப்பாக எரிந்தது. ஆனாலும் ஹர்யோகோவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. விழ வேண்டியது விழுந்தாயிற்று, அது நானாக இருந்தேன், அவள் இல்லை என்று நினைத்துக்கொண்டான். கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

"இந்தத் தடவை விட மாட்டேன், வெனிங்" என்றான். "போன தடவை நான் கூப்பிட்டதாலதானே ஓடி வந்தே. அந்தப் போட்டோவை நான் இன்னிவரைக்கும் பாத்ததில்ல. இனிமே எந்தத் தரையிலயும் உன்னைக் கால் வெக்க விட மாட்டேன்."

அவள் சோப்பில் நனைந்த கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மஸ், போன தடவை விழுந்ததால போகல."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு. ஆறுதலுக்கு."

"ஆறுதல் இல்ல." அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். "அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் ஸ்கேனுக்குப் போனேன். துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. நின்னு நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்னாங்க. திங்கக்கிழமை அட்மிட் ஆகச் சொன்னாங்க. வெளியே வந்து உங்ககிட்ட எல்லாம் சரியா இருக்குன்னுட்டேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகும் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் தோன்றியது.

"அப்புறம் ஏன் சைக்கிள்ல வந்தே?"

"வீட்டுல உக்கார முடியல. அத்தை பாயசம் வெச்சிருந்தாங்க. மலை மேல டீக்கடையில உங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்னு நினைச்சுக்கிட்டே ஏறினேன். நீங்க போட்டோவுக்குக் கூப்பிட்டீங்க. ஓடி வந்தேன். விழுந்தேன். அப்புறம் எல்லாரும் விழுந்ததாலன்னாங்க. அத்தை சூவைத் திட்டினாங்க. நீங்க உங்களையே திட்டிக்கிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்குள்ள அது தானா நின்னு போச்சுங்கறதை விட, சூ தின்னுடுச்சுங்கறது கேக்க நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். உங்களை ரெண்டு வருஷம் அப்படியே விட்டுட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நல்ல கையால் அந்த பெஞ்சைக் குத்த வேண்டும்போல் வந்தது. எத்தனை தரைகள், எத்தனை ராத்திரிகள். அது அடங்குவதற்குள், நான் இல்லை, நான் கொல்லவில்லை என்று நெஞ்சு லேசாயிற்று. லேசான நெஞ்சில் உடனேயே வேறொன்று வந்து உட்கார்ந்தது. இது முன்னதைவிடப் பெரிதாக இருந்தது. தரை காரணம் என்றால் தரையைக் காவல் காக்கலாம். சாக்குப் போடலாம், மூடி மாட்டலாம், கை பிடிக்கலாம். தரை காரணம் இல்லை என்றால் எதற்குச் சாக்குப் போடுவது? இந்த நிமிஷம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளே எது நடக்கிறது, எது நடக்காமல் நிற்கிறது என்று எந்தக் கண்ணால் பார்ப்பது?

"அப்போ நான் எதைத்தான் பாத்துக்கறது?" என்றான். குழந்தை மாதிரி கேட்டான்.

"தெரியல. நான் தினமும் ராத்திரி அதைத்தான் யோசிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். பக்கத்துல நீங்க தரையைப் பத்திப் பேசிட்டுத் தூங்கிடறீங்க."

காய்கறி வண்டி வந்து நின்றது. தூத்தி கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். வெனிங் எழுந்து, அவனுடைய நல்ல கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை ஸ்கேன் இருக்கு" என்றாள். "இதுவரைக்கும் நீங்க ஒரு தடவைகூட ரூமுக்குள்ள வந்ததில்ல. வண்டி நிறுத்தற இடத்துலயே நிப்பீங்க. அந்த வெள்ளிக்கிழமையும் நான் தனியாத்தான் படுத்து அந்தத் திரையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அது உண்மை. ஆஸ்பத்திரி வாசனை ஆகாது, பெண்கள் கூட்டம் கூச்சமாக இருக்கிறது, வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்று அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லியிருந்தான். திரையில் ஏதோ தெரியுமாம், அல்லது தெரியாதாம். அதைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இருந்ததே இல்லை.

"உள்ளே வர்றேன்" என்றான்.

"துடிப்பு இல்லைன்னு சொன்னாலுமா?"

அவள் நகராமல் பதிலுக்காக நின்றாள்.

"சொன்னாலும்" என்றான். "அந்தத் திரைக்கு முன்னாடியே உக்காந்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஈர மண்ணில் வாத்து நடையாக வண்டியை நோக்கி நடந்தார்கள்.